பலகை வீட்டின் வெளிச்சுவர்: பெயிண்ட் அடிப்பதா, பலகையை மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோல்மீன், தாட்டோன், பகோ, யாங்கூன் புறநகர் என்று பர்மாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர்களில், தாத்தா காலத்தில் கட்டிய பலகை வீடுகள் இன்றும் பல இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி கடைசியில் மழை குறையத் தொடங்கியதும், "வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தால் போதுமா, பலகையையே மாற்ற வேண்டுமா" என்று கேட்டு என்னிடம் ஆட்கள் வருவார்கள். தச்சு வேலையிலும் வீடு பழுது பார்ப்பதிலும் முப்பது ஆண்டுகளாக இருக்கும் அனுபவத்தில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிவெடுப்பதற்கு முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள், பலகையைப் பாருங்கள். சுவர் பளபளவென்று இருந்து உள்ளே உளுத்துப் போயிருப்பதும் உண்டு, பெயிண்ட் முழுவதும் உரிந்து அவலமாகத் தெரிந்தாலும் பலகை கல்லைப் போல இருப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடிய கருவி ஒரு குத்தூசிதான். அது இல்லாவிட்டால் கூர்மையான பழைய திருப்புளி போதும்.

தாட்டோனில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். முந்தைய ஆண்டுதான் பச்சை எனாமல் அடித்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா மேல்வரிசையில் பெயிண்ட் வெளுத்திருந்த இரண்டு பலகைகளைக் காட்டி, அவற்றை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். அந்த இரண்டிலும் குத்தூசியை வைத்து அழுத்தினேன். நுனிகூட இறங்கவில்லை, தட்டினால் கணீரென்று ஒலித்தது. பிறகு ஜன்னலுக்குக் கீழே, பச்சை நிறம் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்த பலகையில் வைத்தேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஊசியை இழுத்தபோது நுனியில் காப்பித்தூளைப் போல ஈரமான பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பலகையில் மரமே இல்லை. பெயிண்டுத் தோல் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

ஊசி கால் அங்குலத்துக்குமேல் தடையின்றி இறங்கினால் அந்த இடம் மக்கிவிட்டது என்று பொருள். அங்கே எந்தப் பெயிண்டும் பயன் தராது. ஊசி நுனி மட்டும் பதிந்து நின்றுவிட்டால், அந்தப் பலகையை வைத்துக்கொள்ளலாம்.

எந்த இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும்?

அடிவரிசைப் பலகை, ஜன்னல் சட்டத்துக்குக் கீழே, இரண்டு பலகைகள் முனையோடு முனை சேரும் இடம், வீட்டின் மூலைகள், குளியலறைக்கு வெளிப்புறம், மழைத் தண்ணீர்க் குழாய் ஒழுகும் இடம் ஆகியவற்றில் கட்டாயம் பாருங்கள். நம் நாட்டில் மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால், வீட்டின் கன்னிமூலையைத் தொட்டு நிற்கும் இரண்டு சுவர்களும்தான் முதலில் கெடும். வடகிழக்குச் சுவர் பெரும்பாலும் நாற்பது ஆண்டு ஆனாலும் நன்றாக இருக்கும்.

அதனால்தான், "வீட்டுக்குப் பெயிண்டா, பலகையா" என்று முழு வீட்டையும் ஒரே கேள்விக்குள் அடைக்கக் கூடாது என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாகப் பாருங்கள். கெட்ட பலகையில் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு சுவரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகக் குறி விழுந்தால், கெட்டதை மட்டும் மாற்றி மற்றதற்குப் பெயிண்ட் அடிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தச் சுவரை முழுவதும் கழற்றிவிடுவதே நல்லது, ஏனென்றால் அவ்வளவு தண்ணீர் புகுந்த சுவரில் பலகைக்குப் பின்னால் நிற்கும் சட்டமும் நனைந்திருக்கும், அதைத் திறந்து பார்க்காமல் மூடி வைப்பது ஆபத்து. இந்த மூன்றில் ஒரு பங்கு என் அனுபவக் கணக்கு. ஆசாரிக்கு ஆசாரி சற்று மாறலாம்.

பெயிண்ட் உரிகிறது. அப்படியென்றால் பலகை கெட்டுவிட்டதுதானே?

இல்லை. உரிந்த பெயிண்டை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னால் பழைய பெயிண்டின் நிறம் ஒட்டியிருந்தால், பழைய எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அதன்மேலேயே புதியதை அடித்திருக்கிறார்கள். அது வேலையின் குறை, மரத்தின் குறை அல்ல. பெயிண்ட் மரத்தோடு பெயர்ந்து, பின்பக்கம் மர நார் ஒட்டி, தொட்டால் ஈரமாக இருந்தால், பலகைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வருகிறது. கூரையிலோ ஜன்னல் ஓரத்திலோ அந்தத் தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் ஓராண்டில் கொப்புளம் கட்டும். முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால், பல தலைமுறைப் பெயிண்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தடித்துவிட்டது; அதை மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்தால்தான் அடுத்த பூச்சு நிற்கும். கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது என்றால் அது வெயிலின் வேலை. கழுவிவிட்டு அடித்தால் போதும், பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீபாவளிக்குள் முடித்துவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் வீடுகளில் பண்டிகைக்கு முன் வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் பர்மாவில் மழை மே நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை பெய்கிறது. ஐப்பசித் தீபாவளி வரும்போது பலகை ஐந்து மாதத் தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கிறது. மேலே கை வைத்தால் உலர்ந்தது போலத் தெரியும், உள்ளே உலர்ந்திருக்காது. மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால்தான் பெயிண்ட் பிடிக்கும். 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு அதுவே போதும். ஈர மரத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது, அந்த ஈரத்தை வெளியேற விடாமல் மூடி வைப்பதாகும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. தங்கையின் திருமணம் கார்த்திகையில் இருந்ததால், மழை நின்ற பத்தாம் நாளே ஆட்களை வைத்து முன்சுவர் முழுவதும் அடித்தோம். திருமணத்தன்று வந்தவர்கள் எல்லாரும் வீட்டைப் புகழ்ந்தார்கள். பங்குனி வெயில் ஏறியதும் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளங்கள் எழுந்தன. ஒன்றைக் குத்தியபோது உள்ளிருந்து தண்ணீர் வடிந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சரியான காலம் இப்படி அமையும்: கார்த்திகையில் கெட்ட பலகைகளைக் கழற்றி, சட்டத்துக்குக் காற்றுப் படும்படி விட்டு, புதுப் பலகை அடிக்கலாம். தை பிறந்த பின் பெயிண்ட் வேலையைத் தொடங்கி, ஏப்ரல் நடுவில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் முடித்துவிடலாம். ஈரம் அளக்கும் சிறு கருவி யாங்கூனில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது; வாங்க முடியாவிட்டால் உங்கள் ஆசாரியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாண்டலேயில் உறவினர் வீட்டில் பெயிண்ட் எட்டு ஆண்டாக நிற்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் மூன்று ஆண்டில் போகிறது?

மாண்டலேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர்தான். யாங்கூனில் அது ஏறக்குறைய 2,700. மோல்மீனில் 4,800 வரை போகிறது. ஒரே டப்பா பெயிண்ட் மூன்று ஊரிலும் ஒரே ஆயுளைத் தராது. உறவினர் வீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மோல்மீனில் நாலைந்து ஆண்டு நின்றால் அது நன்றாக அடித்த பெயிண்ட்.

எங்கள் சுவர் பெயிண்ட் அடிக்காத கறுப்புச் சுவர். அதன்மேல் இப்போது வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாமா?

பர்மியர் பழக்கப்படி யேநான் எனப்படும் கச்சா எண்ணெயைப் பூசிப் பூசிக் கறுத்த சுவர் அது. நிலத்தடி எண்ணெய்க் கிணறுகளுக்குப் பெயர்பெற்ற யேநான்ஜாவுங் ஊரின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கறையானையும் தண்ணீரையும் தள்ளி வைப்பதற்கு அந்த எண்ணெயைப் போல மலிவான பொருள் வேறு இருந்ததில்லை, நம் முன்னோரும் அண்டை வீட்டாரைப் பார்த்து அதையே பூசினார்கள்.

ஆனால் அதன்மேல் பெயிண்ட் அடித்தால் எண்ணெய் மேலேறி மஞ்சளும் பழுப்புமாகக் கசியும், பெயிண்ட் சரியாகக் காயாமல் பிசுபிசுக்கும். உங்களுக்கு மூன்று வழிகள்தான் உண்டு. பலகை உறுதியாக இருந்தால், கறுப்பாகவே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசி வருவது முதல் வழி. பூசுகிறவர் கையுறை போட வேண்டும், அருகில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது, அந்த எண்ணெய் தோலுக்கும் மூச்சுக்கும் நல்லதல்ல. இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது: ஓரம் வெட்டி ஒன்றோடொன்று கோக்காத, நேரான பலகையாக இருந்தால், அதைக் கழற்றி உட்பக்கத்தை வெளியே திருப்பி அடிக்கலாம். ஐம்பது ஆண்டாக மழையே படாத அந்தப் பக்கத்தை இழைப்புளியால் ஒரு சீவு சீவினால் தேக்கு தேன் நிறத்தில் வெளியே வரும். அதற்குப் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் ஊடுருவி உட்பக்கமும் கறுத்துவிட்ட பலகைக்கு இந்த வழி ஒத்துவராது. மூன்றாவது வழி மாற்றுவது, ஆனால் வெறும் நிறத்துக்காக நல்ல தேக்கைக் கழற்றி எறிய வேண்டாம் என்றுதான் நான் கெஞ்சிக் கேட்பேன்.

ஒப்பந்தக்காரர், "பழைய பலகையை நான் எடுத்துக்கொள்கிறேன், புதுப் பலகையைக் குறைந்த விலைக்கு அடித்துத் தருகிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

அவர் எடுத்துக்கொள்வது என்ன என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு பேசுங்கள். அறுபது எழுபது ஆண்டுக்கு முன் அறுத்த பலகை முதிர்ந்த மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியிலிருந்து வந்தது. இன்று கடையில் விற்கும் தேக்கில், வைரத்தைச் சுற்றியிருக்கும் மென்மையான வெளிறு கலந்திருப்பதே அதிகம். தேக்கின் பெயரும் ஆயுளும் வைரத்துக்கு மட்டும்தான் உண்டு, வெளிறைக் கறையான் சாதாரண மரத்தைப் போலவே தின்றுவிடும். இன்வாவில் இருக்கும் பகாயா மடாலயம் 1834இல் கட்டப்பட்டு 267 தேக்குத் தூண்களோடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கியிருக்கிறது என்றால், அது முதிர்ந்த தேக்கு என்பதால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மேல்பரப்பு வெடித்திருந்ததைக் காட்டி "எல்லாம் போய்விட்டது" என்று சொல்லி, ஒருவர் நான்கு சுவர்ப் பலகையையும் கழற்றிக்கொண்டு போனார். பிறகு அதே பலகைகள் இழைக்கப்பட்டு மேசைப் பலகையாக விற்பனைக்கு நின்றதை அந்த வீட்டுப் பையனே பார்த்து வந்து சொன்னான். கழற்றும் பலகை யாருக்குச் சேர வேண்டும் என்பதை வேலை தொடங்குவதற்கு முன் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகத் தேக்கு வாங்கினால் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

பலகையைக் கழற்றாமல் அதன்மேலேயே தகரம் அடித்துவிட்டால் செலவு மிச்சம்தானே?

மழைப் பக்கச் சுவருக்கு இப்படிச் செய்வது எல்லா ஊரிலும் பழக்கமாகிவிட்டது. உறுதியான, உலர்ந்த பலகையின்மேல், இடையில் ஓர் அங்குல ரீப்பர் அடித்து, கீழும் மேலும் காற்றுப் போகும் வழி விட்டுத் தகரம் அடித்தால் அதில் தவறில்லை. ஆனால் மக்கத் தொடங்கிய பலகையோடு ஒட்டித் தகரம் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும், தகரத்தின் பின்பக்கம் வியர்க்கும், கறையான் தன் மண்பாதையை யார் கண்ணிலும் படாமல் கூரை வரைக்கும் கட்டிக்கொண்டு போகும். இப்படி மூடிய ஒரு சுவரைப் பத்து ஆண்டுக்குப் பின் திறந்தபோது, பலகையோடு நான்கு நிற்கும் சட்டங்களும் கையால் உதிரும் நிலையில் இருந்தன. செலவை மிச்சப்படுத்தவில்லை, பின்னால் தள்ளிப் பெரிதாக்கியிருந்தார்கள்.

கெட்ட பலகையை மட்டும் மாற்றினால் ஒட்டுப் போட்டது போலத் தெரியாதா? எப்படிச் செய்ய வேண்டும்?

பெயிண்ட் அடித்த பின் தெரியாது, சரியாகச் செய்தால். மேற்பலகை கீழ்ப்பலகையின்மேல் ஏறி உட்காரும் சுவரில், கெட்ட பலகைக்கு மேலே இருக்கும் பலகையின் ஆணியை மெல்ல நெம்பித் தளர்த்தி, கெட்டதைக் கீழ்நோக்கி உருவ வேண்டும். உளியால் பிளந்து எடுப்பவர்கள் மேற்பலகையின் உதட்டையும் உடைத்துவிடுவார்கள். புதுப் பலகை அதே கனத்தில் இருக்க வேண்டும். மில்லிலிருந்து வந்த பச்சைப் பலகையை அன்றே அடித்தால் சித்திரை வெயிலில் சுருங்கி இடைவெளி விழும், ஆதலால் இடையிடையே ரீப்பர் வைத்து நிழலில் அடுக்கி இரண்டு மூன்று மாதம் காய விடுங்கள்.

இப்போது சொல்வதைச் செய்யும் ஆட்கள் குறைவு, ஆனால் சுவரின் ஆயுளை இதுதான் தீர்மானிக்கிறது: பலகையை அடிப்பதற்கு முன், முன்பக்கம் மட்டுமல்லாமல் பின்பக்கத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்க வேண்டும். குறிப்பாக வாளால் அறுத்த முனையை இரண்டு முறை பூசுங்கள். மரம் தண்ணீரைக் குடிப்பது முகத்தால் அல்ல, முனையால். அந்த நார்க் குழாய்கள் திறந்து நிற்கும் இடம் அதுதான். நான் கழற்றிய உளுத்த பலகைகளில் பெரும்பாலானவை முனையிலிருந்துதான் கெட்டிருந்தன.

ஆணி துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். வெறும் இரும்பு ஆணி துருப்பிடிக்கும், தேக்கின் சாற்றோடு சேர்ந்து கறுப்புக் கண்ணீர் போலச் சுவரில் வழியும். கடல் காற்றுப் படும் ஊர்களில் முடிந்தால் எவர்சில்வர் ஆணி வாங்குங்கள். மேற்பலகையின் ஆணி கீழ்ப்பலகையையும் சேர்த்துத் துளைக்காமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும் பகுதிக்குச் சற்று மேலே இறங்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால், மழையில் பருத்து வெயிலில் சுருங்கும் பலகைக்கு அசைய இடமில்லாமல் நடுவே வெடிக்கும். அடிவரிசைக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது எட்டு அங்குலம் இருக்கட்டும். பூச்செடித் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் நகர்த்திவிடுங்கள்.

முழுச் சுவரையும் மாற்றுவதென்றால் எதை வாங்குவது? எவ்வளவு தேவைப்படும்?

கைக்கு எட்டினால் வைரத் தேக்கு. பிங்காடோ மரம் அதைவிடக் கடினமானது, கறையானும் லேசில் தொடாது, ஆனால் கனம் மிகுதி, துளை போடாமல் ஆணி இறங்காது. அடிவரிசை இரண்டுக்கு மட்டும் பிங்காடோவும் மேலே தேக்கும் போடுவதை நான் விரும்பிச் செய்கிறேன். கன்யின் மரம் மலிவு. பெயிண்டும் பராமரிப்பும் தவறாமல் இருந்தால் மட்டுமே அது வெளிச்சுவரில் தாங்கும். பூச்சு விட்டுப்போன கன்யின் பலகை சில மழைக்காலத்திலேயே போய்விடும்.

தாய்லாந்திலிருந்து வரும் ஃபைபர் சிமெண்ட் பலகையைப் பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். அது மக்காது, கறையான் தின்னாது, தீயும் பிடிக்காது. நேராக மழையை வாங்கும் சுவருக்கு அதைப் போடுவதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்கும் பெயிண்ட் வேண்டும் என்பதையும், அறுத்த ஓரங்களை மூடாவிட்டால் தண்ணீர் குடித்துப் பிசிறும் என்பதையும், அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் கட்டாயம் என்பதையும் கடையில் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

கியாட் விலை அடிக்கடி மாறுவதால் அளவைத் தருகிறேன், அன்றைய விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். 20க்கு 40 அடி வீடு, சுவர் உயரம் 10 அடி என்றால் சுற்றளவு 120 அடி, பரப்பு 1,200 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 200 கழித்தால் 1,000 சதுர அடி. எட்டு அங்குலப் பலகை ஒன்றரை அங்குலம் ஏறி உட்கார்ந்தால் வெளியே தெரிவது ஆறரை அங்குலம். அப்படியானால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 185 அடி நீளப் பலகையும், வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 203 அடியும் வேண்டும். முக்கால் அங்குலக் கனத்தில் இது எட்டரை கன அடி. முழு வீட்டுக்கு 85 கன அடி, நம் மரக்கடைக் கணக்கில் 50 கன அடி ஒரு டன் என்பதால், ஒன்றே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதே வீட்டுக்குப் பெயிண்ட் மட்டும் என்றால், பிரைமர் ஒன்று, மேற்பூச்சு இரண்டு என மொத்தம் 3,000 சதுர அடி. இழைத்த பலகையில் ஒரு காலன் 350 சதுர அடி பிடிக்கும் என்று வைத்தால் 9 காலன். இழைக்காத சொரசொரப்பான பலகை இதைவிட நிறையக் குடிக்கும்.

இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், கெட்டதை மட்டும் மாற்றி மற்றதைப் பூசுவது எவ்வளவு பெரிய மிச்சம் என்பது தானாகத் தெரியும்.

எங்கள் வீட்டின் பின்சுவர் துத்தநாகத் தகரம். பெயிண்ட் தோலாக உரிகிறது. ஏன்?

எனாமலை நேரடியாகத் துத்தநாகத்தின்மேல் அடித்திருப்பார்கள். எண்ணெய்ப் பெயிண்டும் துத்தநாகமும் சேர்ந்து இடையில் சோப்புப் போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். அதனால் முழுப் பூச்சும் ஒரு நாள் பாளம் பாளமாகக் கழன்று வரும். எல்லாவற்றையும் உரித்து, சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, துத்தநாகத்துக்கென்றே விற்கும் பிரைமர் போட்டு, அதன்மேல் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் அடியுங்கள். ஆணித் துளைகளைச் சுற்றிச் செந்துரு பிடித்து ஓட்டை விழுந்த தகரத்துக்குப் பெயிண்ட் வீண், மாற்றுங்கள்.

பழைய சிமெண்ட் அட்டைச் சுவர் இருக்கிறது. சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாமா?

சுரண்ட வேண்டாம், கம்பி பிரஷ் போட வேண்டாம், துளையும் போட வேண்டாம். பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதன் நுண்ணிய இழை மூச்சில் போனால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் பல ஆண்டு கழித்து வெளிப்படும். உடையாமல் இருந்தால் மென்மையாக நனைத்துத் துடைத்துப் பெயிண்ட் அடித்து மூடிவிடுங்கள். உடைந்திருந்தால் நனைத்து, முழுத் துண்டாகக் கழற்றி, இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்தபடி மெஷினால் தேய்க்காமல், தண்ணீர் தெளித்துக்கொண்டே சுரண்டுங்கள். தீ ஊதிப் பெயிண்டை இளக்குவதும் கூடாது, அந்தப் புகையில் ஈயம் வரும், பலகை வீட்டில் தீயும் பிடிக்கும். தரையில் பிளாஸ்டிக் விரித்து, விழும் சில்லுகளை அன்றாடம் அள்ளிக் கட்டி எடுத்துவிடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருப்பதே நல்லது. அள்ளிய சில்லைக் கறிவேப்பிலைச் செடி அடியில் கொட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பலகையே வேண்டாம், செங்கல் கட்டிவிடலாம் என்று மகன் சொல்கிறான்.

மகனின் எண்ணம் புரிகிறது, அடிக்கடி பெயிண்ட் அடிக்கும் தொல்லை இருக்காது. ஆனால் மரச் சட்டத்தின் நடுவே கம்பி இல்லாமல் அடுக்கும் செங்கலை அந்தச் சட்டமும் தாங்காது, அடித்தளமும் தாங்காது. பர்மாவின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் சகாயிங் நிலப்பிளவுக் கோட்டை மறந்துவிட்டு வீடு கட்ட முடியாது: 1930 மே மாதம் பகோவில் ஏறக்குறைய 500 பேரைக் கொன்ற நிலநடுக்கமும், 2025 மார்ச் 28 அன்று சகாயிங், மாண்டலே பகுதியைக் குலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கமும் அதே பிளவில் வந்தவை. குலுங்கும்போது பலகைச் சுவர் நெளிந்து கொடுக்கும், கட்டுப்பாடில்லாத செங்கல் சுவர் ஆளின்மேல் விழும். செங்கல்தான் வேண்டும் என்றால் அடித்தளத்திலிருந்து கம்பி போட்ட தூண், உத்தரத்தோடு பொறியாளரின் வரைபடப்படி புதிதாகக் கட்டுங்கள்.

எந்தப் பெயிண்ட்? ஒரு நாளில் எப்போது அடிப்பது?

வெளிச்சுவருக்குத் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக்கையே நான் சொல்வேன். எனாமல் முதல் ஆண்டு மின்னும், பிறகு வெயிலில் இறுகி வெடிக்கும். அக்ரிலிக் மரத்தோடு சேர்ந்து நீளும் சுருங்கும். ஆனால் பிரைமர் மட்டும் எண்ணெய் வகையாக இருக்கட்டும், தேக்கின் பழுப்புச் சாறு மேலே ஊறாமல் அது தடுக்கும். புதிதாக இழைத்த தேக்கில் இயற்கை எண்ணெய் இருப்பதால், தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த பின் பிரைமரைப் பூசுங்கள். பாசி படிந்த சுவரை, ஒரு பங்கு பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, முழுவதும் காய விடுங்கள். பிளீச்சோடு வேறெந்தக் கழுவும் திரவத்தையும் கலக்காதீர்கள்.

தை, மாசியில் விடியற்காலைப் பனி பலகையில் முத்து முத்தாக நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி, மறுபடி பனி இறங்குவதற்குள் காயும்படி நாலு மணிக்குள் நிறுத்துங்கள். நேர் வெயில் விழும் சுவரில் அடிக்காமல், நிழல் நகர நகர வீட்டைச் சுற்றி வாருங்கள்: காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர். மேற்குச் சுவருக்கு அடர் நிறம் வேண்டாம், சூடேறிப் பலகை கிண்ணம் போல வளையும்.

வேலை முடிந்த பின் ஆண்டுதோறும் என்ன செய்ய வேண்டும்?

வைகாசியில் முதல் பெருமழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் இறவாரத்தைத் தாண்டி வெளியே விழுகிறதா, சுவரில் வழிகிறதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். மழை முடிந்ததும் மறுபடி குத்தூசியோடு அடிவரிசையையும் ஜன்னல் அடியையும் பார்த்து, விரிசல் விட்ட இடத்தைச் சுரண்டி அந்த இடத்துக்கு மட்டும் தை மாதத்தில் பிரைமரும் பெயிண்டும் தொடுங்கள். மாற்றும்போது மீந்த மூன்று நான்கு பலகைகளுக்குப் பிரைமர் அடித்து, வீட்டின் அடித்தட்டில் தரையில் படாமல் கட்டி வையுங்கள். எந்தச் சுவருக்கு எந்தக் கனம், எந்த நிற எண் என்று அதிலேயே எழுதி வைத்துவிட்டால், அடுத்து வரும் ஆசாரிக்கு அளவு தேட வேண்டியிருக்காது.